சேவல் எந்த இடத்தில் கூவியது?

எங்கள் டீச்சர் வகுப்பில் பாடம் நடத்தி நான் ஒருநாளும் பார்த்ததில்லை. அப்படியானால் பாடமே நடத்தவில்லையா என்று கேட்காதீர்கள். நடத்தினார். என் சாம்பார் அண்டாவுக்குப் பக்கத்தில் நடத்தினார், தலையாரி அண்ணனின் மாட்டுக் கொட்டகையில் நடத்தினார், ஷாலினி வீட்டு மொட்டை மாடியில் நடத்தினார். வகுப்புக்கு வந்துவிட்டால் மட்டும் வாயைத் திறக்க மாட்டார்.

நான் அப்போது ஏரியூர்ப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவுச் சமையல்காரி. எங்கள் அமைப்பாளர் அம்மா ஓய்வு பெறப்போகிறார் என்று பேச்சு வந்ததுமே எனக்குத் தூக்கம் போய்விட்டது. பத்தாவது பாஸ் பண்ணியிருந்தால் அந்த வேலையை நான் கேட்கலாம். எனக்கோ மற்ற பாடமெல்லாம் பாஸ், கணக்கு மட்டும் பள்ளிக்கூடத்திலேயே காலை வாரிவிட்டது. ரிசல்ட் வந்த கையோடு கல்யாணம் கட்டி வைத்துவிட்டார்கள். அதற்கப்புறம் என்னை யார் கணக்குக் கேட்டார்கள்? இப்போது கேட்கிறார்கள். வயது வரம்பைப் பார்த்தால் அந்த ஒரு வருஷம்தான் மிச்சம் இருந்தது. அதை விட்டால் சாகிற வரைக்கும் அண்டாதான். அண்டாவைத் தூக்கித் தூக்கி என் இடுப்பு அப்போதே விட்டுப் போயிருந்தது.

ஏரியூரில் மகளிர் குழுக் கட்டடத்தில், சனி ஞாயிறு மத்தியானம், ஒரு தொண்டு நிறுவனம் இலவசமாகக் கணக்குச் சொல்லித் தருகிறது என்று கேள்விப்பட்டுப் போனேன். பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தோம். ஒருவர் வயதுக்கும் இன்னொருவர் வயதுக்கும் சம்பந்தமே இல்லை. ஷாலினிக்குப் பதினேழு, போன வருஷம்தான் தோற்றிருந்தாள். பாலூட்டுகிற பிள்ளையோடு ஒருத்தி. எல்லாருக்கும் பெரியவர் தலையாரி அண்ணன், ஐம்பதைத் தாண்டியவர். ஊர் முழுக்கச் சர்டிபிகேட்டுக்கு அவர் பின்னால் அலையும். அவர் பதவி உயர்வுக்காகப் பத்தாவதுக்கு அலைந்தார்.

டீச்சர் பாப்பாரப்பட்டிப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வருவார். முப்பது வயதுகூட இருக்காது. ஒல்லி. கையில் ஒரு துணிப்பை, அதில் கூராகச் சீவிய பென்சில்கள். முதல் நாள் வந்தார், எல்லாருக்கும் ஒரு கும்பிடு போட்டார், போர்டில் எழுதினார்: ‘பாடம் போனில் வரும். வீட்டில் பார்த்துவிட்டு வாருங்கள். இங்கே கணக்குப் போடுவோம்.’ எழுதிவிட்டுப் பின்னால் போய் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார்.

நாங்கள் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்தோம். “என்னாங்க இது கூத்து? பஸ்ஸுக்குக் காசு குடுத்து வந்தா வூட்டுக்குப் போயிப் படிங்கறாங்க” என்றேன் நான், அவர் காதில் விழட்டும் என்றுதான். ஊமை ஊரைக் கெடுக்கும் என்று மனசுக்குள் திட்டவும் திட்டினேன். எனக்கு அந்த வருஷம் விளையாட்டு இல்லை, பாருங்கள்.

திங்கட்கிழமை காலையில் வீடியோ வந்தது. எங்கள் ஊரில் டவர் கிடைப்பது பள்ளிக்கூடத்துத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் மட்டும்தான். அங்கே நின்று இறக்கிக்கொண்டு, உள்ளே வந்து அடுப்பைப் பற்றவைத்து, ஒரு காதில் ஒயரைச் செருகினேன். அம்மாடி! அது அந்த டீச்சரா? “வாங்க, உக்காருங்க. காலைல சாப்பிட்டீங்களா? இல்லாட்டி மொதல்ல சாப்பிடுங்க, கணக்கு எங்கியும் ஓடிப்போயிடாது” என்று ஆரம்பித்தார் பாருங்கள், அருவி மாதிரிக் கொட்டினார். சிரித்தார், அதட்டினார், கதை சொன்னார். அவர் வீட்டுச் சேவல் நடுவில் கூவியது. “இருங்க, அய்யா முடிக்கட்டும்” என்று நிறுத்தி, அது முடித்ததும் விட்ட இடத்தில் தொடங்கினார். இருபத்தைந்து வருஷமாகப் புரியாத சமன்பாடு, நான் முட்டை உரித்து முடிப்பதற்குள் புரிந்துவிட்டது.

சனிக்கிழமை ஓடினேன், அந்தக் குரலைக் கேட்கலாம் என்று. டீச்சர் வாசலில் நின்றார். ஒவ்வொருவரையும் நிறுத்தி ஒரே ஒரு கேள்வி, அதுவும் பாதி வாயில்: “சேவல் எந்த எடத்துல கூவுச்சு?”

“ரெண்டாவது கணக்குல, எக்ஸ கண்டுபிடிக்கறதுக்கு முன்னாலங்க” என்றேன். தலையை ஆட்டினார். உள்ளே போனேன்.

தலையாரி அண்ணன் முழித்தார். “கூவுச்சும்மா, நல்லா கூவுச்சு” என்றார். டீச்சர் வெளியில் குழாயடிப் பக்கம் கிடந்த பெஞ்சைக் கையால் காட்டினார், தன் போனை அவரிடம் கொடுத்தார். பார்த்துவிட்டுத்தான் உள்ளே வரலாம். சந்தைக்குப் போகிற ஜனமெல்லாம் அந்தப் பெஞ்சைத் தாண்டித்தான் போகும். “என்னாண்ணா, வெளிய உக்காத்தி வச்சுட்டாங்களா?” என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். தலையாரி அண்ணனுக்கு மூஞ்சி செவந்துவிட்டது. “என் பொண்ணு வயசு இருக்கும் அதுக்கு. என்னைய வெளிய ஒக்கார வக்கிது” என்று போகும்போது பஸ் ஸ்டாண்டில் குமுறினார். அடுத்த வாரம் வரமாட்டார் என்று நினைத்தேன். வந்தார். வாசலில் டீச்சர் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே, “மூணு தடவ பாத்துட்டேன். சேவல் கூவல, பால் வண்டிதான் ஹாரன் அடிச்சுது” என்றார். அன்றைக்கு முதன்முதலாக டீச்சர் சிரித்துப் பார்த்தேன்.

உள்ளே போனால் ஒரே சத்தமாக இருக்கும். கணக்கை நாங்கள்தான் போட வேண்டும், நாங்கள்தான் சண்டை போட வேண்டும். டீச்சர் பின்னால் உட்கார்ந்து எங்கள் முகத்தையே பார்ப்பார். யாராவது முழிப்பது தெரிந்தால் எழுந்து வந்து, அந்தக் கணக்குத் தெரிந்தவரின் தோளைத் தொட்டு இழுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார வைப்பார். பதினேழும் ஐம்பதும் பார்க்க மாட்டார். தலையாரி அண்ணனுக்கு ஷாலினியைத்தான் உட்கார வைத்தார். “பாப்பா, நீ எனக்குச் சொல்லித் தரியா?” என்று அவர் இழுத்தார். “தாத்தா, மைனஸ வுட்டுட்டீங்க” என்று அவள் ஒரு போடு போட்டாள். அதே ஷாலினி, கதை மாதிரி வாக்கியத்தில் வருகிற கணக்கு என்றால் தலையைச் சொறிவாள். அப்போது அவளை என்னிடம் தள்ளுவார்.

நாம் நேராக டீச்சரிடமே போய்க் கேட்டால் ஒரே பதில்தான். “சொல்ல வேண்டியதெல்லாம் உங்க வூட்டுக்கே வந்து சொல்லிட்டேங்க அக்கா.” சொல்லிவிட்டுப் புடவைத் தலைப்பை விரலில் சுற்ற ஆரம்பித்துவிடுவார். இந்த வாயா என் காதுக்குள் அப்படிப் பேசுகிறது என்று எனக்குச் சந்தேகமே வந்துவிட்டது. வேறு யாரோ பேசுகிறார்கள், இவர் அனுப்பி வைக்கிறார் என்று தலையாரி அண்ணனிடம் சொல்லியும் இருக்கிறேன்.

இத்தனைக்கும் நான்தான் வகுப்பில் முதல் ஆள். சேவல், பால் வண்டி, பக்கத்து வீட்டுக்காரி மாட்டைத் திட்டியது, எதைக் கேட்டாலும் டக்கென்று சொல்வேன். பெஞ்சில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது வடிவியல் வந்தது. கணக்குப் பரீட்சையில் வடிவியலும் வரைபடமும் கைக்கு எட்டுகிற பழம் என்பார்கள். படத்தை ஒழுங்காகப் போட்டால் மார்க் நிச்சயம். வரைபடம் எனக்கு ஏறவே இல்லை. ஆகவே வடிவியல்தான் கதி. பாஸுக்கு முப்பத்தைந்து வேண்டும், நான் எப்படிக் கூட்டிப் பார்த்தாலும் அந்தப் படத்தைச் சேர்த்தால்தான் கரை ஏற முடியும்.

வட்டத்துக்கு வெளியே இருக்கிற புள்ளியிலிருந்து அந்த வட்டத்துக்குத் தொடுகோடு வரைய வேண்டும். “அக்கா, நீங்க” என்று டீச்சர் சாக்பீஸை என் கையில் கொடுத்தார். எழுந்து போனேன். எனக்குத்தான் மனப்பாடமாகத் தெரியுமே! வாயால் சொல்லிக்கொண்டே போட்டேன். “இங்க ஒரு வட்டம். வெளிய பி. இங்கருந்து இப்பிடி ஒரு கோடு. அங்கருந்து ஒரு வில்லு, இங்கருந்து ஒரு வில்லு...” சொல்லச் சொல்ல எனக்கே என்னவோ போல ஆகிவிட்டது. இங்கே என்றால் எங்கே? அப்படி என்றால் எப்படி? வட்டம் ஒரு பக்கம் கிடந்தது, கோடு ஒரு பக்கம் ஓடியது, வில் எதிலும் ஒட்டாமல் அந்தரத்தில் தொங்கியது.

ஷாலினி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “அக்கா, நீங்க வீடியோவப் பாக்கவே இல்லியா?”

“பாக்காமத்தான் வரி வரியா ஒப்பிக்கிறனா?” என்று சீறினேன். சீறின பிறகுதான் எனக்கே உறைத்தது. பார்த்தேனா? எங்கே பார்த்தேன்? இத்தனை மாதமும் போன் ஜன்னல் திட்டில் கிடந்தது, நான் அண்டாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காதால் கேட்டதைத்தான் பார்த்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். சேவல் கூவியது காதில் விழுந்தது, வாசலில் பாஸாகிவிட்டேன். டீச்சருக்கும் அது தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

டீச்சர் போர்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்துப் போனது இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. கையைத் தூக்கி வெளியில் பெஞ்சைக் காட்டினார்.

போய் உட்கார்ந்தேன். சந்தைக்குப் போகிற பொம்பிளை ஒருத்தி, “சோறாக்குற அக்கா தான?” என்று நின்று பார்த்துவிட்டுப் போனாள். தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. டீச்சருடைய போனில் வீடியோவை ஓடவிட்டேன். அப்போதுதான் முதன்முதலாகக் கண்ணால் பார்க்கிறேன். முகம் வரவில்லை. ஒரு காகிதமும் ஒரு கையும் மட்டும். குரல் அதே அதட்டல், அதே சிரிப்பு. ஆனால் காம்பஸைப் பிடித்திருந்த அந்தக் கை நடுநடுங்கிக்கொண்டிருந்தது. வட்டம் போடுவதற்கு முன்னால் ஒரு தடவை காம்பஸைக் கீழே வைத்து, கையை உதறிவிட்டு, மறுபடி எடுத்தார். பேச்சு மட்டும் நிற்கவே இல்லை.  என்னைவிடப் பயந்த பிறவி ஒன்றை நம்பியா இந்த வருஷத்தை ஒப்படைத்திருக்கிறேன் என்று நினைத்தேன்.

வகுப்பு விட்டதும் நேராகப் போய் நின்றேன். “டீச்சர், எனக்கு உக்காந்து பாக்க நேரம் கெடையாதுங்க. விடிஞ்சா மாடு, அப்புறம் இஸ்கூலு, பொழுது சாஞ்சா வூட்டு வேல. ரெண்டு கண்ணும் சோத்துலதான் இருக்குது. சும்மா இருக்கறது காது ஒண்ணுதான். முடிஞ்சா காதுக்குச் சொல்லுங்க. முடியாதுன்னா இப்பவே சொல்லிப்புடுங்க, நான் என் அண்டாவோட போயிக்கறேன்.” பேசும்போதே அழுகை வந்துவிட்டது. அழுவது பிடிக்காமல் இன்னும் கோபமாகப் பேசினேன்.

டீச்சர் தலைப்பை விரலில் சுற்றினார். “ம்” என்றார். அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய் நின்றபோது வீடியோ வரவில்லை. வாய்ஸ் மெசேஜ் ஒன்று வந்தது, எனக்கு மட்டும்.

“அக்கா, இது உங்களுக்கு. இதுல பாக்கறதுக்கு ஒண்ணுமில்ல. அடுப்பு பத்த வச்சுட்டீங்களா? சரி. மனசுல ஒரு தோசைக்கல்ல வச்சுக்கங்க. வட்டமா இருக்குதுங்களா? அதுக்கு நட்ட நடுவுல ஒரு புள்ளி, அது ஓ. கல்லுக்கு வெளிய, உங்க சோத்தாங்கைப் பக்கம், எண்ணெய்க் கிண்ணம் இருக்குது. அது பி. இப்ப ஓவையும் பியையும் ஒரு கோட்டால சேருங்க. சேத்துட்டீங்களா? போயிக் கொழம்பக் கிண்டிட்டு வாங்க. நான் இருக்கேன்.”

அதற்குப் பிறகு பேச்சில்லை. நின்றுவிட்டதோ என்று போனைப் பார்த்தேன், ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஒயருக்குள் அவர் மூச்சு விடுவது கேட்டது. குழம்பைக் கிண்டினேன். கிண்டி முடிக்கவும், “வந்துட்டீங்களா?” என்று குரல் வரவும் சரியாக இருந்தது. “இப்ப அந்தக் கோட்டுக்குச் சரி பாதி எங்க வரும்னு பாக்கலாம்.”

ஈரக் கையால் சிமெண்டுத் தரையிலேயே போட்டேன். போட்டது காய்ந்து மறையும், மறுபடி போடுவேன். இங்கே, அங்கே, இப்படி என்ற வார்த்தை ஒன்றுகூட அந்த மெசேஜில் இல்லை. எல்லாமே வலது, இடது, மேலே, கீழே, எத்தனை விரல் தள்ளி. தினம் ஒன்று வந்தது. எவ்வளவு நேரம் உட்கார்ந்து யோசித்திருப்பாரோ! ஷாலினி அதைக் கேட்டுவிட்டு, “அக்கா, எனக்கும் இத அனுப்புங்க, கண்ணால பாத்ததவிட இது நல்லா ஏறுது” என்றாள். தலையாரி அண்ணனும் வாங்கிக்கொண்டார்.

கொஞ்சம் மூச்சு விடலாம் என்று நினைத்தபோதுதான் அந்த ஆள் வந்தார். தொண்டு நிறுவனத்திலிருந்து வகுப்பைப் பார்வையிட வந்த அதிகாரி. நாங்கள் வழக்கம்போலக் கத்திக்கொண்டிருந்தோம். டீச்சர் பின்னால் ஸ்டூலில் இருந்தார். வந்தவர் சுற்றிப் பார்த்துவிட்டு, “டீச்சர் யாருங்க?” என்றார். காட்டினோம். “நீங்க என்ன சும்மா உக்காந்திருக்கீங்க? வாங்க, பாடம் நடத்துங்க பாப்போம்.”

டீச்சர் எழுந்து போர்டுக்குப் போனார். சாக்பீஸை எடுத்தார். திரும்பி எங்களைப் பார்த்தார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. சாக்பீஸ் ஒடிந்து கீழே விழுந்தது. குனிந்து எடுத்தவர் நிமிரவே வெகுநேரம் ஆனது.  பேசுங்க டீச்சர், பேசுங்க டீச்சர் என்று எனக்கு உள்ளே அடித்துக்கொண்டது. 

தலையாரி அண்ணன்தான் எழுந்தார். ஊரில் நாலு பேர் அவர் பேச்சுக்கு மரியாதை கொடுப்பார்கள் அல்லவா? “சார், வீடியோ பாத்துட்டு வந்தீங்களா?” என்றார்.

“என்ன வீடியோ?”

“பாக்காம வந்தா இங்க உள்ளயே வுட மாட்டாங்க சார். வெளிய பெஞ்சு இருக்குது. நானே உக்காந்திருக்கேன்.”

வந்தவருக்கு மூக்கு நுனி வரைக்கும் கோபம் வந்துவிட்டது. “போன்லயே எல்லாம் வந்துடுதுன்னா அப்புறம் டீச்சர் எதுக்கு? இடம் எதுக்கு?”

என் வாய் சும்மா இருக்குமா? “போனு சொல்லும் சார். நாங்க முழிக்கிறதப் போனு பாக்குமா? இவங்க பாப்பாங்க” என்றேன். அவர் நோட்டில் என்னவோ எழுதிக்கொண்டு கிளம்பிவிட்டார். அடுத்த சனிக்கிழமை போனால் கட்டடம் பூட்டியிருந்தது. வகுப்பு நிறுத்தப்பட்டது, பாடங்கள் போனில் இருப்பதால் வீட்டிலேயே படித்துக்கொள்ளலாம் என்று கதவில் ஒட்டியிருந்தார்கள். பரீட்சைக்கு இன்னும் இரண்டு வாரம்கூட இல்லை. அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்து அழுதேன். ஷாலினி பக்கத்தில் உட்கார்ந்து நகத்தைக் கடித்தாள்.

அன்றைக்குச் சாயந்திரம் டீச்சரிடமிருந்து எல்லாருக்கும் ஒரு மெசேஜ். “என்னால உங்க எடம் போயிடுச்சுங்க. மன்னிச்சுக்கங்க. நாலு பேரு சேந்து என் மூஞ்சியப் பாத்தா என் நாக்கு ஒட்டிக்குதுங்க. டீச்சர் படிப்புப் படிச்சப்ப, மொத நாளு கிளாஸ்ல அப்பிடியே நின்னுட்டேன். பசங்க சிரிச்சாங்க. அதுக்கப்புறம் வரவே மாட்டேங்குது. ஆனா அக்கா அடுப்புக்கிட்ட இருக்காங்க, அண்ணன் மாட்டுக்கிட்ட இருக்காரு, ஷாலினி மாடில இருக்குதுன்னு நெனச்சுக்கிட்டா பேச்சு தானா வந்துடுது. பரீட்ச வரைக்கும் தெனமும் வருவேங்க.”

வேலையும் போய், சம்பளமும் போய், தினமும் வந்தார். நான்தான் பயந்தேன். தப்பாகப் போட்டால் திருத்த ஆளில்லை, முகத்தைப் பார்க்க ஆளில்லை. என் வீட்டுக்காரர், “வர்றது வரட்டும் புள்ள, அண்டா எங்கியும் போயிடல” என்று ஆறுதல் சொன்னார். அந்த ஆறுதலைக் கேட்டதும் எனக்கு இன்னும் பயமாகிவிட்டது.

பரீட்சை அன்றைக்குப் பென்னாகரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, பரீட்சை நடக்கிற பள்ளிக்கூடத்துக்குப் போனோம். கேட் ஓரம் டீச்சர் நின்றிருந்தார். கையில் அந்தத் துணிப்பை. எங்களைப் பார்த்ததும் பையைத் திறந்து ஆளுக்கொரு பென்சிலை எடுத்துக் கொடுத்தார். என் முறை வந்தபோது எப்படியோ தொண்டையைக் கனைத்து, “சேவல் எந்த எடத்துல கூவுச்சு?” என்றார்.

“நேத்துக் கூவவே இல்லீங்க டீச்சர்” என்றேன். தலையை ஆட்டினார். உள்ளே போனேன்.

தொடுகோடுதான் வந்திருந்தது. மூன்று செ.மீ ஆரம், மையத்திலிருந்து எட்டு செ.மீ தள்ளி ஒரு புள்ளி.  தோசைக்கல். நடுவில் ஓ. சோற்றாங்கைப் பக்கம் எண்ணெய்க் கிண்ணம். கோட்டால் சேர்த்தாயா? போய்க் குழம்பைக் கிண்டிவிட்டு வா. அந்த இடத்தில் நான் நிஜமாகவே நிறுத்திவிட்டேன். கண்காணிப்பாளர் என் பக்கத்தில் வந்து, “என்னம்மா, கையில என்ன சுத்தறே? வாயில என்ன முணுமுணுப்பு?” என்றார். பார்த்தால் என் வலது கை டெஸ்க்குக்கு மேலே வட்டமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. “ஒண்ணுமில்லீங்க சார்” என்றேன். பிறகு பாதியைக் கண்டுபிடித்து, இரண்டாவது வட்டம் போட்டு, இரண்டு கோட்டையும் இழுத்துவிட்டு, அளந்து பார்த்து எழுதினேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஷாலினி கேட்டாள். “அக்கா, தொடுகோடு நீளம் உங்களுக்கு எவ்ளோ வந்துது?”

“ஏழு புள்ளி நாலு.”

“எனக்கு ஆறு புள்ளி ஒம்பது.”

 அவள் கண்ணாலும் பார்த்துப் படித்தவள், நான் காதால் மட்டும் கேட்டவள். தப்பு யாருடையது என்று எனக்குத் தெரியாதா? வீட்டுக்கு வந்து பையை வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடிக்க முடியவில்லை. வண்டியை எடுக்கச் சொல்லி, பள்ளிக்கூடத்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் போனேன். டீச்சருக்கு நேராகப் போன் போட்டேன்.

எடுத்தார். பேச்சில்லை. நேராகப் பேசுகிற பேச்சு போனிலும் வராது போல, அந்த மூச்சு மட்டும் கேட்டது.

“டீச்சர், நான் தப்பாப் போட்டுட்டேன் போலிருக்குதுங்க. ஷாலினிக்கு வேற வந்துருக்குது” என்றேன். போனைக் கட் பண்ணிவிட்டார். கொஞ்ச நேரத்தில் வாய்ஸ் மெசேஜ் வந்தது.

“அக்கா, அழுவாதீங்க. நான் இப்ப நோட்டு, காம்பஸு, ஸ்கேலு எல்லாம் எடுத்து வச்சுட்டேன். நீங்க அங்க என்ன போட்டீங்களோ அத ஒண்ணு வுடாம சொல்லுங்க. நீங்க சொல்றத மட்டும்தான் நான் போடுவேன். நானா ஒண்ணும் சேக்க மாட்டேன். சொல்லுங்க, நான் இருக்கேன்.”

ரெக்கார்டு பட்டனை அழுத்தினேன். “டீச்சர், நோட்ட விரிச்சுக்கங்க. நட்ட நடுவுல ஒரு புள்ளி வைங்க, அது ஓ. காம்பஸ்ல மூணு செண்டிமீட்டர் எடுங்க. வட்டம் போடுங்க. போட்டாச்சுங்களா?” என்று சொல்லிவிட்டு, அவர் கை நடுங்குமே, உதறிவிட்டு எடுப்பாரே என்று கொஞ்சம் நிறுத்தினேன். “அவசரமில்லீங்க டீச்சர், மெதுவாப் போடுங்க. நான் இருக்கேன்.” கடைசிக் கோடு வரைக்கும் அப்படியே சொன்னேன்.

அனுப்பினேன். இரண்டு டிக் வந்தது. நீலமானது. அதற்கப்புறம் ஒன்றும் வரவில்லை. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வீட்டுக்காரர் வண்டியில் சாய்ந்து நின்றார். நான் தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். ஆரத்தை எடுக்கும்போது ஸ்கேலைச் சரியாகப் பார்த்தேனா? பாதியைச் சரியாகப் பிடித்தேனா? சாமிக்கெல்லாம் வேண்டிக்கொண்டேன்.

ஒரு போட்டோ வந்தது. விரலால் பெரிதாக்கினேன். வட்டம், அதற்கு வெளியே புள்ளி, குறுக்கே வெட்டிக்கொண்டு இரண்டாவது வட்டம். புள்ளியிலிருந்து கிளம்பின இரண்டு கோடும் வட்டத்தை மெல்லத் தொட்டுக்கொண்டு போயின. கோடுகள் எல்லாம் கொஞ்சம் நடுங்கியிருந்தன. நீளம் ஏழு புள்ளி நான்கு என்று எழுதியிருந்தார். அடியில் சிவப்புப் பேனாவில் பெரிதாக ஒரு ரைட். அதற்கும் கீழே, ‘ஷாலினிகிட்டயும் கேட்டேன், ஆரத்தை நாலுன்னு எடுத்துட்டா. பயப்பட வேணாம்னு சொல்லுங்க, மத்த கணக்கெல்லாம் அவ நல்லாப் போட்டிருக்கா.’

நான் அப்படியே தொட்டியடி ஈரத்தில் உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்காரர் பதறிக்கொண்டு ஓடிவந்தார். “என்னா புள்ள? என்னா ஆச்சு?”

“பாஸுங்க” என்றேன்.

“அடக் கடவுளே, ரிசல்ட்டு வர இன்னும் எத்தன நாளு கெடக்குது.”

“எனக்கு வந்துடுச்சு” என்று போனை அவரிடம் கொடுத்தேன்.